தள்ளாட்டமும் தயக்கமும்

(ஆங்கில வினைச்சொற்கள் சிலவற்றைப் பற்றிய ஆராய்ச்சி)

சென்ற பருவத்தில் ஒருநாள், மொழிபெயர்ப்புப் பயிற்சியின்பொருட்டு எங்கள் ஆசிரியர் ஐந்து சிறிய ஆங்கில வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதினார். மூட்டை சுமந்து படியேறும் கூலியாள் ஒருவன். வழியிற் கிடந்த கல்லிற் கால்பட்ட சிறுவன் ஒருவன். மழையில் ஊறி நிற்கும் பழஞ்சுவர் ஒன்று. நீதிமன்றத்திற் சான்று பகர்கையிற் குரல் தாழ்ந்த பெண் ஒருத்தி. கையெழுத்திடப் பேனாவை எடுத்தும் இடாது நின்ற வணிகன் ஒருவன். ஐந்து வாக்கியங்களினும் ஐந்து வெவ்வேறு வினைச்சொற்கள் இருந்தன. யான் சற்றும் காலந்தாழ்க்காமல் தமிழ்ப்படுத்தினேன். கூலியாள் தடுமாறினான், சிறுவன் தடுமாறினான், சுவர் தடுமாறிற்று, பெண்ணின் குரல் தடுமாறிற்று, வணிகன் தடுமாறினான். வகுப்பில் முதன்முதல் எழுதி முடித்தவன் யானே என்னும் பெருமிதமும் எனக்கு இருந்தது.

மறுநாள் அத்தாள் திரும்பி வந்தது. ஐந்து இடங்களினும் சிவப்பு மையாற் கோடு இழுக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு வினா எழுதப்பட்டிருந்தது: “இவற்றுள் விழுந்தது எது?”

அவ்வினாவுக்கு உடனே விடைகூற என்னால் இயலவில்லை. அதனை ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை. அவ்வினா பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றையும் எனக்கு நினைப்பூட்டியது. அதனை ஈற்றிற் கூறுவேன்.

1. ஒருபொருட் பன்மொழியோ?

தமிழிலக்கணம் பயில்வோர் ஒருபொருட் பன்மொழி என்பதனை அறிவர். ஒரே பொருளைத் தரும் சொற்கள் பல இருத்தல் கூடும் என்பது உண்மையே. ஆயினும் நிலையற்ற அசைவையும் மனத்தயக்கத்தையும் குறிக்கும் ஆங்கில வினைகள் அவ்வகையின அல்ல. கையடக்கமான அகராதியொன்றை யான் திறந்து நோக்கியபோது, அவற்றுட் பலவற்றிற்குத் தள்ளாடு, தடுமாறு, தயங்கு என்னும் மூன்று சொற்களே மாறிமாறிப் பொருளாகத் தரப்பட்டிருந்தன. அகராதியின்மேற் குற்றமில்லை. அது வீட்டின் வாயிலைக் காட்டும்; உள்ளே எந்த அறையில் எவர் இருக்கின்றார் என்பதை நாமே சென்று காணல் வேண்டும்.

அவ்வாறு காண்டற்கு இரண்டு வினாக்கள் போதும் என்று கண்டேன். ஒன்று, அசைவுக்குக் காரணம் எங்கே இருக்கின்றது? காலிலா, நிலத்திலா, தலையிலா, சுமையிலா, உள்ளத்திலா? மற்றொன்று, அதன் முடிவு யாதாகும்? விழுதலா, மீளுதலா, அசையாது நிற்றலா? இவ்விரண்டினையும் கேட்டால் ஒவ்வொரு சொல்லும் தன் முகத்தைத் தானே காட்டும்.

2. காலின் சொற்கள்

முதலில் ‘ஸ்டம்பிள்’ என்பதனை எடுத்துக்கொள்வோம். இதற்குக் காரணம் புறத்தே உள்ளது. கல்லோ, வேரோ, வாயிற்படியோ காலைத் தடுக்கின்றது. கால் நிற்க உடல் முன்னே செல்கின்றது. தமிழில் இதற்கு ‘இடறு’ என்னும் அழகிய சொல் முன்னரே உண்டு. எதிர்பாராது ஒன்றைக் கண்டெடுத்தலையும் ஆங்கிலேயர் இச்சொல்லாலேயே கூறுவர். காலில் தட்டுப்பட்டதுபோல் அது அகப்பட்டது என்பது கருத்து. பிறன் நெறிக்குத் தடையாவதைக் குறிக்கும் ‘ஸ்டம்பிளிங் பிளாக்’ என்னும் தொடர், வில்லியம் டிண்டேல் 1526-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பினால் வழக்கிற்கு வந்தது. நம் தமிழ் வேதாகமத்திலும் இடறல் என்னும் சொல் அப்பொருளிலேயே வருதல் யாவரும் அறிந்ததாம்.

‘ஸ்டாகர்’ என்பது இதனின் வேறு. இங்கே காலை எதுவும் தடுக்கவில்லை. மேலிருந்து ஒரு பாரமோ, பக்கத்திலிருந்து ஓர் அடியோ, உள்ளிருந்து நோயோ மதுவோ உடலின் நேர்நிலையைக் கெடுக்கின்றது. கால்கள் பக்கவாட்டிற் சென்று நிலத்தைத் தேடுகின்றன. ஆயினும் நடை நின்றுவிடவில்லை என்பதைக் கருதுக. துன்பச் செய்தி கேட்டு ஒருவன் நிலைகுலைதலையும் இச்சொல் குறிக்கும். ஒரே நேரத்தில் நெரிசல் ஏற்படாவண்ணம் வேலைநேரங்களை முன்பின்னாக வைத்தலையும் இச்சொல்லாலேயே கூறுகின்றனர். இருபுறமும் மாறிமாறி விழும் காலடிகளைப் போன்ற ஒழுங்கு அது.

‘ரீல்’ என்பதன் காரணம் தலையில் உள்ளது. பழைய ஆங்கிலத்தில் நூல் சுற்றும் உருளைக்கு வழங்கிய பெயரிலிருந்து இவ்வினை பிறந்தது. உருளை சுழல்வதுபோல் உலகம் சுழல்கின்றது, நின்றவன் சாய்கின்றான். தமிழில் தலைசுற்றுதல், கிறுகிறுத்தல் என்போம். இருமொழியாளரும் சுழற்சியையே கண்டிருத்தல் வியப்புக்குரியது.

‘லர்ச்’ என்பது கடலிலிருந்து கரையேறிய சொல். அலையால் மரக்கலம் திடீரென ஒருபுறம் சாய்தலை மாலுமிகள் அவ்வாறு குறித்தனர். இன்று பேருந்து சடுதியிற் குலுங்கிச் சாய்தலுக்கும், பிடியின்றி நின்ற பயணி அடுத்தவர்மீது சாய்தலுக்கும் அது வழங்குகின்றது. ‘ஸ்டாகர்’ பல அடிகள் தொடர்வது; ‘லர்ச்’ ஒரே வீச்சில் நிகழ்ந்து முடிவது.

‘டாட்டர்’ என்பதற்குக் காரணம் வலியின்மை. முதியோர் நடைக்கும், அடியிற் பலமற்ற சுவருக்கும், உள்ளீடழிந்த பேரரசுக்கும் ஆங்கிலேயர் இதனைக் கூறுவர். விழுகை அண்மையில் உள்ளது என்னும் அச்சம் இச்சொல்லைச் சூழ்ந்திருக்கும். தமிழில் ‘தள்ளாமை’ என்னும் முதுமைப் பெயரோடு நெருங்கிய ‘தள்ளாடு’ இதற்குப் பொருந்தும். ஆனால் நடைபயிலும் குழந்தைக்கு ஆங்கிலத்தில் ‘டாடில்’ என்னும் வேறொரு சொல் பெருவழக்காக உண்டு. குழந்தையின் தளர்ச்சி வளர்ச்சியின் அறிகுறி. முதியோர் தளர்ச்சி அவ்வாறன்று. தமிழ்ப் புலவர் குழந்தையின் தளர்நடையைப் பிள்ளைத்தமிழின் வருகைப் பருவத்திற் கொண்டாடினர். அதனை ஒருகாலும் தள்ளாட்டம் என்று இகழ்ந்திலர்.

3. பொருள்களின் ஆட்டம்

உயிரில்லாப் பொருள்களும் ஆடுகின்றன. ‘ஸ்வே’ என்பது வேர் ஊன்றி நிற்கும் மரம் காற்றில் அசைந்தாடுதல். இதிற் குற்றமே இல்லை. அசைதலே அதனைக் காக்கின்றது.

‘வாபிள்’ என்பது குற்றமுள்ள ஆட்டம். நான்கு கால்களுள் ஒன்று குட்டையான மேசை ஆட்டங்கொடுக்கின்றது. அச்சில் நேரே சுழலாத சக்கரம் இருபுறமும் வளைந்து ஓடுகின்றது. மிதிவண்டி பழுதுபார்ப்பவர் இச்சக்கரக் குறையைக் ‘கோட்டம்’ என்பர். கம்பிகளை முறுக்கி அதனை நேராக்குதல் ‘கோட்டம் எடுத்தல்’ எனப்படும். செய்யுளில் நாம் பயிலும் கோட்டம் என்னும் சொல் தெருவோரத்திற் பட்டறையில் உயிரோடு வாழ்தலைக் கண்டு யான் பெரிதும் மகிழ்ந்தேன்.

‘டீட்டர்’ என்பது விளிம்பில் நிற்கும் ஆட்டம். குறுகிய மதிலின்மேல் வைத்த குடம்போல, இப்புறமோ அப்புறமோ என்று அறியவியலாத நிலை அது. நடுவில் முட்டுக் கொடுத்து இருதலையும் ஏறியிறங்கச் சிறுவர் ஆடும் பலகைக்கு அமெரிக்க நாட்டார் இச்சொல்லையும் ‘டாட்டர்’ என்பதையும் இணைத்தே பெயரிட்டுள்ளனர். ‘டாட்டர்’ என்பதில் அடித்தளம் வலியற்றது. ‘டீட்டர்’ என்பதில் அடித்தளம் குறுகியது. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

4. வலிமை இடையிற் குன்றுதல்

‘ஃபால்டர்’ என்னும் சொல்லே என்னைப் பெரிதும் வருத்தியது. இதிற் கல் இல்லை, சுமை இல்லை, சுழற்சியும் இல்லை. நன்றாகச் சென்றுகொண்டிருந்த ஒன்று நடுவழியில் வலிகுன்றுகின்றது. அடி தளர்கின்றது, குரல் தழுதழுக்கின்றது, ஊக்கம் மெலிகின்றது. தொடங்காத ஒன்று ‘ஃபால்டர்’ ஆகாது. ஆதலின் இச்சொல்லைக் கேட்டவுடன், அதற்குமுன் ஒருவன் உறுதியோடு சென்றான் என்பதையும் நாம் உணர்தல் வேண்டும். தமிழில் ‘தளர்’ என்பதே இதற்கு உற்ற துணை.

‘வேவர்’ என்பது விளக்கின் சுடரை நினைப்பிப்பது. பழைய நார்ஸ் மொழியில் அதன் மூலச்சொல் மினுக்கி அசைதலைக் குறித்தது. சுடர் தன் திரியைவிட்டு நீங்குவதில்லை. ஆயினும் காற்றுக்கு அஞ்சி இங்குமங்கும் அசைகின்றது. அவ்வாறே, முன்னர் ஒரு முடிவைச் செய்தவன் அம்முடிவிலேயே நின்றும் உள்ளே அசைதல் ‘வேவர்’ ஆகும். சலித்தல், அலைதல் என்பன ஒருவாறு ஒக்கும்.

5. உள்ளத்தின் சொற்கள்

இனி உள்ளத்திற்கே உரியனவாக இன்று வழங்கும் சொற்களைக் காண்போம். இங்கேதான் ஓர் உண்மை புலனாகின்றது. உள்ளத்தின் நிலையைக் கூறும் சொற்கள் பலவும் ஒருகாலத்தில் உடலின் நிலையைக் கூறியனவே.

‘ஹெஸிடேட்’ என்பது இலத்தீனில் ஒட்டிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்தது. சேற்றிற் சிக்கிய காலைப்போல் மனம் ஓரிடத்து ஒட்டிக்கொண்டு எழமறுக்கின்றது. இலத்தீன் மக்கள் திக்கிப் பேசுதலையும் அச்சொல்லாற் குறித்தனர். நாவும் ஒட்டிக்கொள்ளும் அன்றோ! ஆகவே இச்சொல்லின் உட்பொருள் ஆட்டமன்று, நிற்றல். செயலுக்கு முன்னே நிற்பதையே அது குறிக்கும்.

‘வாஸிலேட்’ என்பதோ இலத்தீனில் இருபுறமும் அசைந்தாடுதலைக் குறித்த சொல். ஒன்றைத் துணிந்து, அதனைவிட்டு மற்றொன்றைத் துணிந்து, மீண்டும் முதலதற்கு வருவோனுக்கு இது பொருந்தும். ‘ஊசலாடு’ என்னும் நம் சொல் இதற்கு ஒரு மயிரிழையும் வழுவாது நிற்கின்றது. தயங்குவோன் ஒரு முடிவும் செய்யாதவன். ஊசலாடுவோன் பல முடிவுகளைச் செய்தவன்.

‘டிதர்’ என்பது முதலில் நடுங்குதலைக் குறித்துப் பின்னர் அற்பச் செய்திகளில் முடிவுகாணாது பதைத்தலைக் குறித்தது. ‘ஷில்லி-ஷாலி’ என்பதன் கதை நகைப்புக்கிடமானது. ‘செய்யட்டுமா?’ என்று பொருள்படும் ஆங்கில வினா இரட்டித்துச் சிதைந்து, ஏறத்தாழ 1700-ஆம் ஆண்டளவில் இவ்வடிவம் பெற்றது. ‘ஷில்லி’ என்பதைப் பிரித்துத் தனியே வழங்கினால் அங்கே அதற்குப் பொருளில்லை. நம் இரட்டைக்கிளவியும் பிரிந்து பொருள்தாராமை இங்கே ஒப்பிடத்தக்கது.

‘ஸ்க்ரூப்பிள்’ என்னும் சொல்லை ஈண்டுச் சிறப்பாகக் கூறல் வேண்டும். இலத்தீனில் இது கூரிய சிறுகல்லின் பெயர். மிதியடிக்குள் புகுந்த சிறுகல் நடப்போனை ஒவ்வோரடியிலும் உறுத்துதல்போல, செய்யத்தகாததைச் செய்யப் புகுவோனை மனச்சான்று உறுத்துகின்றது. பழைய மருந்துக்கடைகளில் இருபது கிரெயின் நிறைகொண்ட சிறிய எடைக்கும் இதுவே பெயர். சிறிய கல், சிறிய எடை. ஆயினும் பெரிய மனிதனையும் நிறுத்திவிடும். தமிழிலும் ‘மனம் உறுத்துகின்றது’ என்கின்றோம். அங்கும் காலடியிற் கிடப்பது அதே கல்தானே!

ஆகவே தயக்கம் எல்லாம் குறையென்று எண்ணுதல் தவறாகும். எந்தச் சட்டை அணிவது என்று பதைப்பவனும், பொய்ச்சான்று சொல்ல மனம் ஒவ்வாது நிற்பவனும் வெளியே ஒன்றுபோல் தோன்றுவர். ஆங்கிலம் இருவருக்கும் இருவேறு சொற்களை வைத்துள்ளது. தமிழில் இருவரையும் ‘தயங்கினான்’ என்று மட்டும் கூறிவிட்டால், பின்னவனுக்கு நாம் இழைப்பது அநீதியாகும். ‘மனம் உறுத்தத் தயங்கினான்’ என்று ஒரு சொல்லை முன்னே கூட்டின் அவ்வநீதி நீங்கும்.

6. இச்சொற்கள் வந்த வழி

ஒரு சிறு தீவின் மொழிக்கு இத்துணைச் சொற்கள் எங்ஙனம் வந்தன? கி.பி. 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடபுலத்து நார்ஸ் மக்கள் இங்கிலாந்தின் வடக்கினும் கிழக்கினும் குடியேறினர். ‘ஸ்டாகர்’, ‘வேவர்’, ‘டீட்டர்’ என்பன அவர்கள் மொழிவழி வந்தவை. ‘டாட்டர்’ என்பது ஊஞ்சலாடுதலைக் குறித்த பழைய டச்சுச் சொல்லோடு தொடர்புடையது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளிற் கற்றோர் இலத்தீன் நூல்களிலிருந்து ‘வாஸிலேட்’, ‘ஹெஸிடேட்’ முதலியவற்றைக் கொணர்ந்தனர். ஆதலின் காலின் சொற்களிற் பல உழவரும் மாலுமிகளும் தந்தவை. உள்ளத்தின் சொற்களிற் பல ஏடு பயின்றோர் தந்தவை.

இன்னொன்றும் கருதத்தக்கது. ‘ஸ்டாகர்’, ‘டாட்டர்’, ‘வேவர்’, ‘டிதர்’ என்பவற்றின் இறுதி ஒருபடித்தாய் இருத்தலைக் காண்க. ‘வாபிள்’, ‘ஸ்டம்பிள்’, ‘டாடில்’ என்பனவும் தம்முள் ஒத்த இறுதியுடையன. சிறியதோர் அசைவு மீண்டும் மீண்டும் நிகழ்தலைக் காட்டும் வினைகளில் இவ்வீறுகள் பெரும்பான்மையும் வருமென்று மொழிநூலார் கூறுவர். தமிழில் அப்பணியைச் செய்வது ‘ஆடு’ என்னும் துணைவினை. தள்ளாடு, ஊசலாடு, அல்லாடு, திண்டாடு, நடமாடு என்னும் சொற்களை ஒருங்கே வைத்து நோக்கின், ஒருமுறை நிகழ்ந்து ஒழியாது பன்முறை நிகழ்வதை ‘ஆடு’ காட்டுதல் தெளிவாகும். ‘இடறு’ என்பதோடு ‘ஆடு’ சேர்வதில்லை. கல் ஒருமுறையே தடுக்கும்.

யான் ஐந்து முறை வழங்கிய ‘தடுமாறு’ என்பதன் பழம்பொருளையும் அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். தொல்காப்பியர் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்றொரு குறியீடு வழங்குகின்றார். ‘புலிகொல் யானை’ என்றால் கொன்றது புலியோ, யானையோ என்னும் ஐயம் எழும். தொழிலைச் செய்தவனும் செய்யப்பட்டவனும் இடம்மாறி நிற்றலே அங்குத் தடுமாற்றம் எனப்பட்டது. எனவே இச்சொல்லின் உள்ளே கிடப்பது மாறுதல்; விழுதலன்று. ‘தயங்கு’ என்பதும் பண்டை நூல்களில் அசைதலையும் ஒளிவிடுதலையும் குறித்துப் பின்னரே மனநிலைக்கு வந்தது. வேவர் என்னும் சொல்லின் சுடரும் தயங்கு என்னும் சொல்லின் ஒளியும் நெடுந்தொலைவிற் பிறந்தும் ஒரே வழியில் நடந்திருக்கின்றன.

7. கர்மேல் மலையில் ஒரு சொல்

சொல்லின் உடலை மறந்தால் நேரும் இழப்புக்கு வேதாகமத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். முதலாம் இராஜாக்கள் புத்தகம் 18-ஆம் அதிகாரத்தில், எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் மக்களை நோக்கி, இரண்டு எண்ணங்களுக்கிடையே எதுவரைக்கும் இவ்வாறு இருப்பீர்கள் என்று வினவுகின்றார். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அங்குள்ள வினை ‘ஹால்ட்’ என்பது. இன்று அச்சொல்லைக் கேட்போர் நிற்றல் என்றே கொள்வர். சந்தியில் நின்று வழி தெரியாது விழிக்கும் கூட்டம் மனக்கண்முன் தோன்றும். ஆனால் அக்காலத்தில் அச்சொல்லுக்கு நொண்டுதல் என்னும் பொருள் இருந்தது. மூலமாகிய எபிரெய வினையும் நொண்டுதலையே குறிக்கும். அதே அதிகாரத்திற் பாகாலின் தீர்க்கதரிசிகள் பலிபீடத்தருகே ஆடியதைக் கூறுமிடத்தும் அவ்வினையே ஆளப்பட்டுள்ளது. மக்களின் நடையும் அவர்களின் ஆட்டமும் ஒன்றே என்னும் கூரிய இகழ்ச்சி அதனுள் அடங்கியிருக்கின்றது.

நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் அவ்விடத்தில் ‘குந்து’ என்னும் வினையை அடுக்கி ஆண்டு நொண்டுதலைக் காத்தனர். ஆயினும் காலத்தின் விளையாட்டைக் காண்க! இன்று பேச்சில் ‘குந்து’ என்றால் உட்கார் என்பதே பலருக்கும் தோன்றுகின்றது. ஆங்கிலர் நின்றுவிட்டனர், நாம் உட்கார்ந்துவிட்டோம். தீர்க்கதரிசியின் மக்களோ இன்னமும் நொண்டிக்கொண்டிருக்கின்றனர்.

8. வினாவுக்கு விடை

இனி ஆசிரியரின் வினாவுக்கு வருவோம். ஐந்து வாக்கியங்களையும் மறுபடியும் எழுதினேன். சுமை தாங்காது கூலியாளின் கால்கள் பின்னின. சிறுவன் கல்லிடறினான். பழஞ்சுவர் விழுந்தேவிடும்போல் ஆடிற்று. பெண்ணின் குரல் தளர்ந்து தழுதழுத்தது. வணிகன் கையெழுத்திடத் தயங்கினான்.

இவற்றுள் விழுந்தது எது? எதுவும் விழவில்லை. இதுவே விடை. இச்சொற்கள் யாவும் விழுதற்கு முன்னுள்ள கணத்தின் பெயர்கள். விழுந்ததைக் கூற ஆங்கிலம் வேறொரு வினையைச் சேர்த்தல் வேண்டும். அது சேர்க்கப்படாத இடத்தில், இன்னும் நிற்பவனை வீழ்த்திவிடுதற்கு மொழிபெயர்ப்போனுக்கு உரிமையில்லை.

இதனை யான் வகுப்பிற் கற்குமுன் என் இல்லத்திற் கற்றிருத்தல் வேண்டும். என் தாயைப் பெற்ற தாத்தா எங்கள் சிற்றூர்க் கோயிலில் நெடுங்காலம் உபதேசியாராக இருந்தவர். எனக்குப் பதினான்கு வயதாயிருக்கையில் அவரைப் பக்கவாதம் இலேசாகத் தாக்கிற்று. மருத்துவமனையினின்று திரும்பியபோது ஆங்கிலக் குறிப்பொன்றைக் கொடுத்தனுப்பினர். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் யான் ஒருவனே. திண்ணையில் அயலாரும் கூடியிருக்க, குறிப்பில் ‘ஸ்டாகர்’ என்னும் சொல்லைக் கண்டு, “தாத்தா தள்ளாடுகிறாராம்” என்று உரக்க வாசித்தேன். அயலார் ஒருவர் சிரித்தார். எங்கள் பக்கத்தில் அச்சொல்லைக் கள்ளுண்டவன் நடைக்கே பெரிதும் வழங்குவர். பாட்டியின் முகம் சிவந்தது. பின் அச்சினம் அச்சமாயிற்று. “விழுந்துவிடுவார்” என்று துணிந்து, அன்றுமுதல் தாத்தாவை வாயிற்படி தாண்ட விடவில்லை. கோயில் எங்கள் வீட்டிற்கு இரண்டு தெருத் தள்ளி உள்ளது. விடியற்கால மணியோசையைத் தாத்தா திண்ணையிலிருந்தே கேட்பார். அடுத்த ஆண்டில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

கடந்த கிறிஸ்துமஸ் விடுமுறையில், அவருடைய வேதப்புத்தகத்துள் அக்குறிப்பு மடித்து வைக்கப்பட்டிருக்கக் கண்டேன். சிவப்பு மையின் நினைவோடு அதனை மெல்ல வாசித்தேன். திரும்பும்போது மட்டுமே கால் ஒருபுறம் சாய்கின்றது என்று எழுதியிருந்தது. அதனையடுத்து இன்னொரு வினை இருந்தது: ‘ஸ்டெடி’. அதனை ஒரு பண்பின் பெயராகவே அறிந்திருந்த யான், அது வினையாகவும் வரும் என்பதை அப்போது அறியாது தாண்டிச் சென்றிருந்தேன். தாமே தம்மை நிலைப்படுத்திக்கொள்கிறார் என்பது அதன் பொருள். கைத்தடியோடு நடக்கலாம் என்றும் கீழே இருந்தது.

பாட்டியை அழைத்து, அக்குறிப்பை முதலிலிருந்து முடிவுவரை தமிழில் வாசித்துக் காட்டினேன். பாட்டி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “அன்றைக்கே இப்படி வாசித்திருந்தால், அவர்களைக் கோயிலுக்கு நடந்துபோக விட்டிருப்பேனே, ஐயா” என்று மட்டும் சொன்னார்கள்.

அன்பர்களே, ஒருமொழியின் சொல்லை மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்வோன் சுமையெடுத்துப் படியேறும் கூலியாளை ஒப்பான். அவன் கால் பின்னுதல் இயல்பே. இடையில் நின்று, இச்சொல்லின் காரணம் எங்கே, முடிவு எங்கே என்று சற்றே தயங்குவானாயின் அத்தயக்கம் குற்றமாகாது. முதற்சொல்லோடு நின்றுவிடாது அடுத்த சொல்லையும் வாசிப்பானாயின், அவன் கையில் ஒப்படைக்கப்பட்ட எவரும் அவனால் விழமாட்டார். இச்சிறு கட்டுரையிற் காணும் பிழைகளை அறிஞர் பொறுத்துத் திருத்துவாராக.